மனையறிவு: விளக்கு கண் சிமிட்டினால் குற்றவாளி யார்?

தேவராஜ மொஹல்லாவின் பழைய வீடுகளில் பொழுது புலர்வதற்கு முன்னரே வேலை தொடங்கிவிடுகிறது. சந்தையில் பூவும் காய்கறியும் வந்து இறங்கும் அந்த நேரத்திலேயே ஒரு வீட்டில் குளிக்க வெந்நீருக்காகக் கீசர் போடப்படுகிறது. அடுத்த வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் சுழல்கிறது. மூன்றாவது வீட்டில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் உறுமுகிறது. அப்பொழுது கூடத்து விளக்கு ஒரு கணம் மங்கிப் பிறகு தெளிகிறது. பார்த்தவர் மனத்தில் உடனே ஓர் ஐயம் எழுகிறது: இப்படி மங்கித் தெளிவதால் தொலைக்காட்சிப் பெட்டியும் பிள்ளைகளின் கணிப்பொறியும் கெட்டுவிடாவா?

ஐயத்தோடு நின்றுவிட்டால் தொல்லையில்லை. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வாழும் வீடுகளில் இது வழக்காகவும் மாறிவிடுகிறது. “காலையில் இவர்கள் மாவரைத்தார்கள், மாலையில் எங்கள் டி.வி. போயிற்று” என்று ஒரு வீட்டார் சொல்ல, மற்றவர் மறுக்க, பல ஆண்டு நட்பு பத்து நாளில் கசந்துவிடுகிறது. வேற்றூரிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணமே பாதி பாதுகாப்பு. ஆகவே உண்மையில் குற்றவாளி யார் என்பதை இத்திங்கள் சற்று நிதானமாக ஆராய்வோம்.

மின்விசை இவ்வூருக்கு வந்த வரலாற்றில் நம்மவருக்கும் ஒரு பங்கு உண்டு. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைக்கும் பெருந்திட்டத்தை முன்னின்று தொடங்கியவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1883 முதல் 1901 வரை மைசூர்த் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயர். 1901 ஆம் ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டதால், 1902 ஜூன் மாதத்தில் அந்நிலையம் இயங்கத் தொடங்கியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அங்கிருந்து மின்விசை முதலில் சென்ற இடம் கோலார் தங்கவயல். ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவு. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர் என்பது யாவரும் அறிந்ததே. பெங்களூரின் தெருக்களில் 1905 இலும், மைசூர் நகரில் 1908 இலும் மின்விளக்குகள் ஒளிர்ந்தன.

இதனை நினைவூட்டுவது பெருமை பேசுவதற்காக மட்டுமன்று. அக்காலத்தில் ஒரு வீட்டுக்கு மின்விசை என்றால் நான்கைந்து விளக்குகள் என்றே பொருள். அடுத்து மின்விசிறி வந்தது, வானொலி வந்தது. விளக்குக்கும் வானொலிக்கும் போதும் என்று இழுக்கப்பட்ட மெல்லிய கம்பிகள் இன்னும் பல பழைய வீடுகளின் மரச்சட்டங்களுக்குள்ளும் சுவர்க்குழாய்களுக்குள்ளும் கிடக்கின்றன. கீசர், இஸ்திரிப்பெட்டி, பிரிட்ஜ், சலவை இயந்திரம், கிரைண்டர், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய அனைத்தையும் இன்று அதே கம்பிகளின் தலையில் ஏற்றியிருக்கிறோம். நோயின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

விளக்கு மங்குவது எவ்வாறு என்று பார்ப்போம். மாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாய் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களைக் குழாயில் நீர் வேகமாக விழுந்துகொண்டிருக்கும்போது குளியலறைக் குழாயையும் முழுதும் திறந்தால், அடுக்களையில் நீரின் விசை தளர்கிறது. குழாய் குறுகியதாக இருந்தால் மிகவும் தளரும். அகன்றதாக இருந்தால் தெரியவே தெரியாது. மின்கம்பியின் செய்தியும் இதுவே. நீரின் அழுத்தத்தைப் போன்றது வோல்ட். ஓடும் நீரின் அளவைப் போன்றது ஆம்பியர். கம்பி மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருந்தால், மிகுந்த ஆம்பியர் ஓடும்போது வோல்ட் வழியிலேயே குறைந்துபோகிறது.

கணக்கிட்டே பார்த்துவிடலாம். நம் வீடுகளுக்கு வரவேண்டிய அளவு 230 வோல்ட். 3,000 வாட் கீசர் ஒன்று ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். மீட்டரிலிருந்து குளியலறை 20 மீட்டர் என்றால், போக வர 40 மீட்டர் கம்பி. அது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் அதன் தடை ஏறக்குறைய அரை ஓம்; ஆகவே 6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. அதுமட்டுமன்று, சுமார் 80 வாட் வெப்பம் சுவருக்குள்ளேயே பிறக்கிறது. அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இருந்தால் இழப்பு இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். பழைய அலுமினியக் கம்பியாக இருந்தால், அதே பருமனில் இழப்பு செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகும்.

இனிக் கிரைண்டரின் மீது சுமத்தப்படும் குற்றத்தை விசாரிப்போம். கோயம்புத்தூர் உலகுக்கு அளித்த இந்தப் பொறி, ஓடத் தொடங்கியபின் மிகச் சாதுவானது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. மாவோடு கூடிய கல்லை அசைக்க அத்தனை வலிமை வேண்டும். பிரிட்ஜின் கம்ப்ரசருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் இதே இயல்புதான். 3 ஆம்பியரில் ஓடும் மோட்டார் தொடக்கத்தில் 15 ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது, மெல்லிய கம்பியில் 7 அல்லது 8 வோல்ட் ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் சரிகிறது. நூற்றுக்கு மூன்று பங்குதான் என்றாலும், பழைய குண்டு பல்பின் ஒளி அதனால் பத்தில் ஒரு பங்கு குறையும். மனிதக் கண் அதை உடனே கண்டுகொள்கிறது. மனமோ அச்சம் கொள்கிறது.

ஆனால் கணிப்பொறி அஞ்சுகிறதா? இல்லை. கணிப்பொறி, தொலைக்காட்சி, கைப்பேசிக்கான சார்ஜர் ஆகியவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் வேலை செய்யும்படி அவற்றின் மின்வழங்கிப் பகுதி அமைந்துள்ளது. 230 ஆக இருந்தது 222 ஆக ஒரு நொடி சரிந்தது என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டேயன்று. பழைய வானொலியில் மிக்ஸி ஓடும்போது கரகரவென்று ஓசை எழுந்ததே, அது கூட மிக்ஸியின் மோட்டாருக்குள் கரித்துண்டு உரசும் இடத்தில் தெறிக்கும் சிறு பொறிகளின் குரலே தவிர, வானொலிக்கு நேர்ந்த கேடன்று. ஆகவே, ஒழுங்கான கம்பியில் ஓடும் கிரைண்டரால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கெட்டது என்ற வழக்கை, நேர்மையான நீதிபதி எவரும் தள்ளுபடி செய்துவிடுவார்.

அப்படியானால் உண்மைக் குற்றவாளிகள் யாவர்? நால்வரைச் சொல்லலாம்.

முதலாமவர், நீடித்த குறைந்த வோல்ட். கணநேரச் சரிவு தீங்கற்றது. மணிக்கணக்கில் 180 வோல்ட்டில் நிற்பது தீங்கானது. அதனால் துன்புறுவது கணிப்பொறியன்று, மோட்டார். வோல்ட் குறைந்தால், பழைய வகைக் கம்ப்ரசர் அதே வேலையைச் செய்ய மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது. சில வேளை சுழல மாட்டாமல் உறுமிக்கொண்டே நின்று கருகுகிறது. வீட்டுக்கு வழங்கும் வோல்ட் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது இந்திய மின்சார விதிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த அளவு. அதாவது 216 முதல் 244 வரை.

இரண்டாமவர், தளர்ந்த இணைப்பு. பியூஸ் பிடியிலோ, ஸ்விட்ச் பின்புறத்திலோ, மீட்டர்ப் பலகையிலோ ஒரு திருகு தளர்ந்திருந்தால் அங்கே சூடும் பொறியும் உண்டாகின்றன. விளக்கு துடிக்கும்; பிளாஸ்டிக் கருகும் வாடை வரும்; பலகை தொட்டால் சுடும். இது பொருளை மட்டுமன்று, வீட்டையே எரிக்க வல்லது.

மூன்றாமவர், அறுந்த நியூட்ரல். நால்வரிலும் கொடியவர் இவரே. தெருவில் வரும் மின்விசை மூன்று பேஸ் கம்பிகளாகவும் ஒரு நியூட்ரல் கம்பியாகவும் வருகிறது. ஒவ்வொரு வீடும் ஏதேனும் ஒரு பேஸையும் அந்தப் பொது நியூட்ரலையும் கொண்டு 230 வோல்ட் பெறுகிறது. ஆனால் இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையே இருப்பதோ 400 வோல்ட். கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோனால், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரிடுகிறது. பங்கீடோ நீதியற்றது: கீசரும் இஸ்திரியும் ஓடும் வீட்டில் வோல்ட் சரிகிறது, ஒரே ஒரு தொலைக்காட்சி மட்டும் ஓடும் வீட்டில் 300 க்கும் மேலே ஏறுகிறது. ஒரே நாளில் ஒரு வரிசை வீடுகளில் பல சாதனங்கள் ஒருசேரப் புகைந்தன என்று கேள்விப்பட்டால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. அன்று எந்த வீட்டார் மாவரைத்தார்கள் என்று தேடுவது வீண்.

இதன் அடையாளத்தை வீட்டிலுள்ள சிறுவர் முதல் பெரியோர் வரை அறிந்திருத்தல் நலம். விளக்கு மங்கினால் பெரிதாக அஞ்ச வேண்டுவதில்லை. விளக்கு வழக்கத்துக்கு மேல் ஒளிர்ந்தாலோ, மின்விசிறி திடீரென்று வேகம் கொண்டாலோ, உங்கள் வீட்டில் ஒளி கூடும் அதே நேரம் எதிர் வீட்டில் குன்றினாலோ, யோசிக்காமல் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். பிறகு 1912 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

நான்காமவர், மின்னலும் மின்தடை நீங்கும் தருணமும். கோடை மழையின் இடி மின்னலின்போது கம்பியில் பாயும் அதிர்ச்சி வோல்ட் மிகக் குறுகிய நேரமே நிற்கும். ஆயினும் நுண்ணிய மின்னணுப் பகுதிகளைத் துளைத்துவிடப் போதும். தடைப்பட்ட மின்விசை திரும்பும்போதோ, தெருவிலுள்ள அத்தனை பிரிட்ஜும் மோட்டாரும் ஒரே கணத்தில் விழித்தெழுகின்றன. அந்த முதல் சில நொடிகள் வோல்ட் நிலையின்றித் தள்ளாடும்.

வீட்டுச் சாதனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நாட்டின் மின்விசையையே ஆட்டிவைக்குமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இங்கிலாந்தில் 1990 ஜூலை 4 ஆம் நாள், உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்ற ஆட்டம் முடிந்ததும், பார்த்துக்கொண்டிருந்த மக்கள் எழுந்து சென்று தேநீருக்குக் கெட்டிலைப் போட்டதனால் 2,800 மெகாவாட் தேவை ஒருசேர எழுந்தது. அந்நாட்டு மின்விசையாளர்கள் அத்தகைய வேளைகளை முன்கூட்டியே அறிந்து, மலைமேல் தேக்கிய நீரைத் திறந்துவிட ஆயத்தமாக இருப்பது வழக்கம்.

நம் நாட்டில் இதற்குத் தலைகீழான சோதனை 2020 ஏப்ரல் 5 ஆம் நாள் நடந்தது. கொரோனா ஊரடங்கின்போது, இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். உடனே நாடெங்கும் ஒரே கவலை: இத்தனை விளக்குகள் ஒருசேர அணைந்து மீண்டும் எரிந்தால் வோல்ட் தாறுமாறாகி, வீட்டுச் சாதனங்கள் கெட்டுவிடும் அல்லவா? பலர் அன்று மெயினையே அணைத்துவிடலாமா என்று கலங்கினர். மின்துறை அமைச்சகம் முதல்நாளே விளக்கம் தந்தது. அந்த அச்சம் தேவையற்றது. விளக்குகளை மட்டும் அணையுங்கள். மின்விசிறி, பிரிட்ஜ், தொலைக்காட்சி, கணிப்பொறி முதலியவற்றை அணைக்க வேண்டா என்பது அதன் சாரம்.

அன்றிரவு நிகழ்ந்தது என்ன? 12,000 முதல் 13,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்ததோ ஏறத்தாழ 31,000 மெகாவாட். 2013 டிசம்பர் 31 ஆம் நாள் தென்னக மின்தொகுதி ஏனைய பகுதிகளோடு இணைக்கப்பட்டுவிட்டதனால், காசுமீரம் முதல் குமரி வரை அனைத்தும் அன்று ஒரே வலையாக இருந்தன. நாடு முழுதும் நீர்மின் நிலையங்கள் சில நிமிடங்களில் 17,000 மெகாவாட்டுக்கு மேல் தம் உற்பத்தியைக் குறைத்து, மீண்டும் ஏற்றிக்கொடுத்தன. நொடிக்கு 50 என்று இருக்கவேண்டிய மின் அலைவெண் 49.70 க்கும் 50.26 க்கும் இடையிலேயே அடங்கியது. சிவசமுத்திரத்தில் நூறாண்டுக்கு முன் தொடங்கிய அதே நீர்விசைக் கலை அன்று நாட்டைக் காத்தது என்று சொல்வது மிகையாகாது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவு. ஆயிரக்கணக்கான மெகாவாட் ஏறி இறங்கினாலும் பெருவலை தாங்கிக்கொள்கிறது. அதனை ஆள்வோர் விழித்திருக்கிறார்கள். தாங்காதது பெரும்பாலும் நம் கம்பத்துக்கும் நம் சுவருக்கும் இடைப்பட்ட சில மீட்டர் கம்பிதான். அங்கே விழித்திருக்க வேண்டியவர்கள் நாமே.

முதலில் செலவற்ற ஒரு சோதனை செய்து பாருங்கள். பக்கத்து வீட்டாரையும் உடன் அழையுங்கள். அவர் தம் கூடத்திலும் நீங்கள் உங்கள் கூடத்திலும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு நில்லுங்கள். பிறகு கிரைண்டரைப் போடுங்கள். உங்கள் விளக்கு மட்டும் மங்கினால், உங்கள் வீட்டுக் கம்பியிலோ இணைப்பிலோ குறை. இருவர் விளக்கும் மங்கினால், இரு வீட்டுக்கும் பொதுவான கம்பியில் குறை. அதனை வீட்டுக்காரரிடமோ மின் அலுவலகத்திடமோ இருவரும் சேர்ந்தே சொல்லலாம். கிரைண்டரைப் போடாதபோதும் விளக்கு துடித்தால், கிரைண்டருக்கு விடுதலை. வழக்காட வந்தவர்களே சாட்சிகளாகிவிடும் இச்சோதனையின் பயன் மின்விசையோடு முடிவதில்லை.

அடுத்து வீட்டுக்குள் செய்யத்தக்கவை. கீசருக்கு மீட்டர்ப் பலகையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டில் இணைத்தல் வேண்டும். விளக்குக்கான சிறு சாக்கெட்டில் மாற்றுப் பின் செருகி இஸ்திரிப்பெட்டியையும் கெட்டிலையும் ஓட்டுவது ஆபத்து. கீசர், இஸ்திரி, கிரைண்டர் மூன்றையும் ஒரே வேளையில் போடாமல் முறை வைத்துக்கொண்டால், பழைய கம்பியும் நெடுநாள் உழைக்கும். மின்தடை வந்தவுடன் பிரிட்ஜை அணைத்துவிட்டு, மின்விசை திரும்பி மூன்று நிமிடமேனும் கழிந்தபின் போடுங்கள். கம்ப்ரசருக்குள் இருபுறத்து அழுத்தமும் சமமாவதற்கு அந்த இடைவெளி வேண்டும். இடிமின்னலின்போது தொலைக்காட்சியின் பிளக்கையும் கேபிளையும் கழற்றி வைப்பதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை. ஆயினும் மின்னல் தொடங்குமுன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

கடையில் விற்கும் காப்புக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டெபிலைசர் என்பது வோல்ட் நெடுநேரம் ஏறி இறங்குவதைச் சரிசெய்யும் மின்மாற்றி. பழைய வகைப் பிரிட்ஜுக்கும் குளிர்சாதனத்துக்கும் அது பயன்படும். மின்னல் அதிர்ச்சியை அது தடுக்காது. ஸ்பைக் கார்டு அந்தக் கணநேர அதிர்ச்சியை மட்டும் உறிஞ்சும். குறைந்த வோல்ட்டை அது ஏற்றாது. அடி வாங்க வாங்க அதன் உட்பொருள் தேய்ந்துபோகும். எர்த் இல்லாத வீட்டில் அதன் காப்பு அரைகுறையே. மின்விசை நின்றாலும் வேலை கெடாதிருக்கக் கணிப்பொறிக்கு வேண்டுவது யு.பி.எஸ். இவற்றில் ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்துப் பணத்தை இழக்காதீர்கள். எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

வாடகை வீட்டில் இருப்போர், “பிறர் வீட்டுச் சுவருக்கு நாம் ஏன் செலவு செய்வது?” என்று கேட்பர். நியாயமே. ஆயினும் வீட்டுக்காரரிடம் பேசும்போது, “என் டி.வி. கெட்டுவிடும்” என்பதைவிட, “உங்கள் சுவருக்குள் கம்பி சூடேறுகிறது” என்று சொல்லுங்கள், காரியம் விரைவில் நடக்கும். உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு தளர்ந்த திருகுகளை முடுக்கவும், எர்த்தைச் சோதிக்கவும் ஆகும் செலவு பெரிதன்று. ஆளுயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியையும் அப்பொழுதே பொருத்திக்கொண்டால், நனைந்த கையால் கிரைண்டரைத் தொடும் வேளையில் அது துணை நிற்கும்.

குறை கம்பத்தில் என்று தெரிந்தால், இவ்வூருக்கு மின்விசை வழங்கும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகத்திடம் முறையிடுவது நம் உரிமை. எந்த நாள், எந்த மணி, எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் குறித்துவைத்து எழுதிக்கொடுத்தால், வெறும் வாய்ச்சொல்லைவிட மதிப்பு மிகும். முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெற மறவாதீர்கள். கன்னடம் இன்னும் சரளமாக வராத அன்பர்கள் “வோல்டேஜ் ஏரிளித” என்று சொன்னால் போதும். நாம் ஏற்ற இறக்கம் என்பதைத்தான் அவர்கள் ஏரிளித என்கிறார்கள். இரு மொழிகளும் எத்துணை நெருங்கிய உடன்பிறப்புகள் என்பதற்கு இச்சொல்லும் ஒரு சான்று. பக்கத்து வீட்டாரின் கையெழுத்தையும் அதே தாளில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த திங்கள், பலர் வீட்டில் பெயரளவில் மட்டுமே இருக்கும் எர்த் கம்பியைப் பற்றி எழுதுவோம். அதற்குள் உங்கள் மீட்டர்ப் பலகை சுடுகிறதா என்று, கீசர் ஓடும்போது புறங்கையை அருகில் கொண்டுசென்று பாருங்கள், தொட வேண்டா. வெப்பம் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு, அன்றைக்கே வயர்மேனை அழைத்துவிடுங்கள்.